ஹிந்தி, உருது பேசுபவர்களுக்கு ஆங்கில வினைச்சொல்: ‘தா ஹை, தீ ஹை’ அட்டவணை போதுமா?

யமுனைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தில்லியில் மேற்குப் பக்கம் குடியிருக்கிறேன். மாலை நேரத்தில் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். பெரும்பாலோர் பிஹார், மேற்கு உத்தரப் பிரதேசம். ஹிந்தி மீடியத்தில் படித்தவர்கள். பழைய தில்லியிலிருந்து வரும் இருவர் மட்டும் உருது மீடியம்.

வரும்போதே எல்லோரும் ஓர் அட்டவணையை மனப்பாடமாகக் கொண்டுவருகிறார்கள். ஹிந்தி வாக்கியம் ‘தா ஹை, தீ ஹை, தே ஹைன்’ என்று முடிந்தால் பிரசன்ட் இன்டெஃபினிட், வினையின் ஃபர்ஸ்ட் ஃபார்ம் போடு, அவன் அவள் என்றால் எஸ் சேர். ‘ரஹா ஹை’ என்று முடிந்தால் கன்டினியுவஸ், ‘இங்’ போடு. ‘சுக்கா ஹை’ என்றால் பெர்ஃபெக்ட், ஹேவ் போட்டு தேர்ட் ஃபார்ம். ‘கா, கே, கீ’ என்றால் ஃபியூச்சர், வில் போடு. பாட்டு மாதிரி ஒப்பிக்கிறார்கள். கோ-வென்ட்-கான், ஈட்-ஏட்-ஈட்டன் வரிசையும் அப்படியே.

மொழிபெயர்ப்புப் பயிற்சி கொடுத்தால் பிழையே வராது. பேசச் சொன்னால் வருவது இது: “ஐ ஹேட் கான் டு மார்க்கெட் எஸ்டர்டே”, “ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்”, “அன்டில் ஹி டஸ் நாட் கம், ஐ வில் நாட் கோ”, “டிட் யூ வென்ட்?”

இந்த அட்டவணையைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பதா, அதன் மேலேயே கட்டுவதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


ராஷ்ட்ரபாஷா_ரிட்டன் எழுதியது:

தூக்கிப் போடவே போடாதீர்கள் மேடம். ஹிந்தி பிரச்சார சபாவில் பிரவீண் தேர்வு வரை எழுதிவிட்டு, போபாலில் பல வருடம் வங்கி வேலை பார்த்தவன் சொல்கிறேன். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்த அட்டவணை ஒன்றுதான் பிடிமானம். வாக்கியத்தின் வாலைப் பார்த்தால் காலம் தெரிந்துவிடும் என்பது ஹிந்தியில் வினை கடைசியில் வருவதால் கிடைத்த வசதி. அந்த வசதியை ஏன் பிடுங்க வேண்டும்?

மூன்று ஃபார்ம் விஷயத்தில் ஒரு யோசனை. “கோ எப்படி வென்ட் ஆகும்?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். “ஜானா (போவது) எப்படி கயா (போனான்) ஆனது?” என்று திருப்பிக் கேளுங்கள். ஹிந்தியில் லிக்னா என்றால் லிக்கா, பட்னா என்றால் பட்டா. இதுதான் ஒழுங்கான வழி, ஆங்கிலத்தில் ஈடி சேர்ப்பது போல. ஆனால் கர்னா கியா ஆகிறது, தேனா தியா ஆகிறது, லேனா லியா, பீனா பியா, ஹோனா ஹுவா. அடிக்கடி புழங்கும் வினைதான் ஒழுங்கு தப்பும் என்பதைத் தங்கள் மொழியிலேயே பார்த்துவிட்டால் ஆங்கிலத்தின் மேல் இருக்கும் கோபம் பாதி குறையும்.

ஒழுங்கில்லாத வினைகளை அகர வரிசையில் கொடுக்காதீர்கள். மூன்றும் ஒன்றாக இருப்பவை ஒரு கட்டு: கட், புட், ஷட், ஹர்ட். இரண்டும் மூன்றும் ஒன்றாக இருப்பவை ஒரு கட்டு: பை-பாட்-பாட், டீச்-டாட்-டாட், செண்ட்-சென்ட்-சென்ட். முதலும் மூன்றும் ஒன்று: கம்-கேம்-கம், ரன்-ரான்-ரன். மூன்றும் வேறு வேறு: கோ, ஈட், ரைட், ஸ்பீக். கட்டுக் கட்டாகக் கொடுத்தால் சீக்கிரம் ஏறும்.


வினைத்தொகை எழுதியது:

ஜானா-கயா நல்ல எடுத்துக்காட்டு. ‘ஜானா’ சமஸ்கிருத ‘யா’ வேரிலிருந்து வந்தது, ‘கயா’ ‘கம்’ வேரிலிருந்து. இரண்டு வினைகள் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துகின்றன. ஆங்கிலத்திலும் வென்ட் என்பது ‘வெண்ட்’ என்ற வேறொரு பழைய வினையின் இறந்தகாலம்தான்.

ஆனால் அட்டவணை விஷயத்தில் ஒத்துப்போக முடியவில்லை. ஹிந்தி வாலுக்கும் ஆங்கில உருவத்துக்கும் ஒன்றுக்கு ஒன்று என்று கோடு போடுகிறது அது. அந்தக் கோடு எங்கெல்லாம் அறுந்துபோகிறது என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

முதலில் ‘சுக்கா ஹை’. பெர்ஃபெக்ட்டுக்கு அட்டவணை காட்டும் ஒரே அடையாளம் இது. ‘நான் சாப்பிட்டுவிட்டேன்’ என்பதற்கு நடைமுறையில் எத்தனை பேர் ‘மைன் கா சுக்கா ஹூன்’ என்கிறார்கள்? ‘மைனே காயா ஹை’, ‘மைனே கா லியா’ என்பதுதான் பேச்சு. ‘சுக்கா’வில் “ஏற்கெனவே முடித்தாயிற்று” என்ற அழுத்தம் இருக்கிறது. எல்லா பெர்ஃபெக்ட்டுக்கும் அது பொருந்தாது. “நீ ஆக்ரா போயிருக்கிறாயா?” என்பதை யாரும் ‘சுக்கா’ போட்டுக் கேட்க மாட்டார்கள்.

எதிர்மறையில் இன்னும் மோசம். ‘மைனே அபீ தக் நஹீன் காயா.’ ‘ஹை’ பெரும்பாலும் காணாமல் போய்விடும். வாலைப் பார்த்து மொழிபெயர்க்கும் பிள்ளை “ஐ டிட் நாட் ஈட் யெட்” என்கிறாள். “ஐ ஹேவ் நாட் ஈட்டன் யெட்” வர வேண்டிய இடம். நமக்கும் அதே வியாதிதான். ‘இன்னும் சாப்பிடவில்லை’ என்பதில் எந்தக் காலம் இருக்கிறது என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

அடுத்தது ‘பைட்டா ஹை’. ‘வோ குர்ஸீ பர் பைட்டா ஹை’ என்றால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். இதில் ‘ரஹா’ கிடையாது. ஆங்கிலத்திலோ “ஹி ஈஸ் சிட்டிங்”. ‘பைட் ரஹா ஹை’ என்றால் இப்போதுதான் உட்காரப் போகிறான், முழங்கால் மடங்கிக்கொண்டிருக்கிறது. நிற்பது, படுத்திருப்பது, சட்டை போட்டிருப்பது எல்லாவற்றுக்கும் இதே கதை. தமிழிலும் ‘உட்கார்ந்திருக்கிறான்’தானே, ‘உட்கார்ந்துகொண்டிருக்கிறான்’ என்று நாம் கொஞ்சம் குழப்பிக்கொண்டாலும். அதனால் இதை விளக்க மேடத்துக்குக் கஷ்டமே இருக்காது.


ஷார்ஜா_சைட் எழுதியது:

இலக்கணம் எனக்குத் தெரியாது. நான் கட்டட வேலையில் சூப்பர்வைசர். என்னோடு வேலை செய்யும் டிரைவர்கள், ஃபோர்மேன்கள் பாதிப் பேர் பாகிஸ்தான், மீதி பிஹார், ராஜஸ்தான். வாக்கி டாக்கியில் தினமும் கேட்பது: “ஐ ஆம் நாட் ஹியரிங் யூ சார்.” ‘சுனாயீ நஹீன் தே ரஹா’ என்பதன் நேர் மொழிபெயர்ப்பு. “கான்ட் ஹியர் யூ” என்று சொல்லிக்கொடுத்தேன். அது எப்படி ‘கான்’ வந்தது, முடியாது என்றா சொல்கிறோம் என்று கேட்கிறார்கள். பதில் தெரியவில்லை.

இன்னொன்று. “டிரக் எங்கே?” என்று கேட்டால் “டிரக் வில் ஹேவ் ரீச்ட்” என்கிறார்கள். உறுதியாகச் சொல்கிறார்களா, குத்துமதிப்பா என்று எங்கள் பிலிப்பைன்ஸ் இன்ஜினியருக்குப் புரிவதில்லை. கான்கிரீட் ஊற்றும் நாளில் அது சின்ன விஷயம் இல்லை.


ஆம்பூர்க்காரன் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். உருது வழிப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவன். தங்கையின் கேள்விக்கும் ஷார்ஜா தம்பியின் டிரக்குக்கும் ஒரே இடத்தில் விடை இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உருது இலக்கணத்தில் இறந்தகாலம், அதாவது மாஸி, ஆறு வகை. ‘வோ ஆயா’ மாஸி முத்லக், வெறும் இறந்தகாலம். ‘வோ ஆயா ஹை’ மாஸி கரீப், கரீப் என்றால் கிட்ட. ‘வோ ஆயா தா’ மாஸி பயீத், பயீத் என்றால் தூரம். ‘வோ ஆத்தா தா’ மாஸி இஸ்திம்ராரி, தொடர்ந்து நடந்தது. ‘வோ ஆயா ஹோகா’ மாஸி ஷக்கிய்யா, சந்தேகம். ‘காஷ் வோ ஆத்தா’ மாஸி தமன்னாயி, ஆசை. ஹிந்தி இலக்கணத்திலும் இதே ஆறுதான், பெயர்தான் சமஸ்கிருதம்: சாமான்ய, ஆசன்ன, பூர்ண, அபூர்ண, சந்திக்த, ஹேதுஹேதுமத்.

இப்போது பாருங்கள். கரும்பலகையில் ஆசிரியர் ‘ஆயா தா’ சமம் ‘ஹேட் கம்’ என்று எழுதுகிறார். பிள்ளையின் காதில் ‘தூரத்து இறந்தகாலம்’ என்று விழுகிறது. நேற்றுச் சந்தைக்குப் போனது முடிந்துபோன கதை, இன்றோடு ஒட்டவில்லை, ஆகவே ‘கயா தா’, ஆகவே ‘ஹேட் கான்’. அவள் தர்க்கத்தில் ஒரு ஓட்டையும் இல்லை. ‘ஷாஜஹான் நே தாஜ் மஹல் பன்வாயா தா’ என்று வரலாற்றுப் பாடத்தில் படித்தவள், “ஷாஜஹான் ஹேட் பில்ட் தாஜ்மஹால்” என்றுதான் எழுதுவாள். ஆங்கிலக்காரனுக்கு நூற்றாண்டுகள் ஆனாலும் ‘பில்ட்’ போதும்.

ஆங்கில ஹேட் தூரத்தை அளப்பதில்லை. இரண்டு இறந்தகாலச் செயல்களில் எது முந்தியது என்று காட்டும். நான் ஸ்டேஷன் போய்ச் சேர்ந்தேன், அதற்குள் ரயில் கிளம்பியிருந்தது. அந்த இரண்டாவதற்குத்தான் ஹேட். வகுப்பில் யாராவது ஹேட் போட்டால் நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: ‘கிஸ் ஸே பஹ்லே?’ எதற்கு முன்னால்? பதில் இருந்தால் ஹேட் இருக்கட்டும். பதில் இல்லையென்றால் செகண்ட் ஃபார்ம்.

‘ஆயா ஹை’யிலும் ஒரு பள்ளம் உண்டு. ‘வோ கல் ஆயா ஹை’ என்று உருதுவில் தாராளமாகச் சொல்லலாம், நேற்று வந்திருக்கிறான். ஆங்கிலத்தில் எஸ்டர்டே வந்துவிட்டால் ஹேஸ் வரக் கூடாது. தமிழ்ப் பிள்ளைகளும் இதில் தவறாமல் விழுவார்கள்.

டிரக்குக்கு வருகிறேன். ‘பஹுஞ்ச் கயா ஹோகா’ மாஸி ஷக்கிய்யா. ‘ஹோகா’வில் ‘கா’ இருப்பதால் அட்டவணை ‘வில்’ போடச் சொல்கிறது. அங்கே எதிர்காலமே இல்லை, ஊகம்தான். நம் ‘போயிருப்பான்’ மாதிரி. ஊகம் பலமாக இருந்தால் “மஸ்ட் ஹேவ் ரீச்ட்”, அரைகுறை என்றால் “மே ஹேவ் ரீச்ட்”, நிச்சயம் என்றால் “ஹேஸ் ரீச்ட்”. இந்த மூன்றையும் உங்கள் ஆட்களுக்குப் பழக்கிவிடுங்கள் தம்பி, கான்கிரீட் இறுகாது.


சும்மா_வந்தேன் எழுதியது:

ஹிந்தி படி ஹிந்தி படி என்று நம்மிடம் சொல்கிறவர்களுக்கு நாம் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறோம். நல்ல காலம் வந்துவிட்டது.


நெறியாளர் எழுதியது:

அதற்குத் தனி இழை ஓடிக்கொண்டிருக்கிறது, அங்கே போங்கள். இங்கே வினைச்சொல் மட்டும்.


யமுனைக்கரை எழுதியது:

‘கிஸ் ஸே பஹ்லே’யை இன்றே வகுப்பில் கேட்டுப் பார்த்தேன் பாய். நான் வாயைத் திறப்பதற்குள் ஒருவரை ஒருவர் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். மிக்க நன்றி.

அடுத்த சந்தேகம், வினை வகைகள். சகர்மக், அகர்மக் என்று ஹிந்தியில் படித்திருக்கிறார்கள். உருதுக்காரர்கள் முதஅத்தி, லாஸிம் என்கிறார்கள். நாம் செயப்படுபொருள் குன்றா வினை, குன்றிய வினை என்று படித்ததுதான். ஆங்கில டிரான்சிடிவ், இன்டிரான்சிடிவ் இதுதான் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாமா? பாடப்புத்தகம் அப்படித்தான் செய்கிறது.


வினைத்தொகை எழுதியது:

நகர்ந்தால் நல்ல இடத்தை விட்டுவிடுவீர்கள். ஹிந்தி வினையின் அழகே இங்கேதான் இருக்கிறது.

ஹிந்தியில் ஜோடி ஜோடியாக வினைகள். தூட்னா தானாக உடைவது, தோட்னா ஒருவர் உடைப்பது. குல்னா திறந்துகொள்வது, கோல்னா திறப்பது. ஜல்னா எரிவது, ஜலானா எரிப்பது. பக்னா வேகுவது, பகானா சமைப்பது. தமிழில் உடைந்தது-உடைத்தான், எரிந்தது-எரித்தான் என்று நாம் செய்வது போலவே வினைக்குள்ளேயே மாற்றம். ஆங்கிலத்தில் பிரேக், ஓப்பன், பர்ன், குக் எல்லாம் இரண்டுக்கும் ஒன்றே. “தி டோர் ஓப்பண்ட்” என்று சொன்னால் ஹிந்திக்காரப் பெண் திகைப்பாள். யார் திறந்தது? அதனால் “தி டோர் வாஸ் ஓப்பண்ட்” என்று மாற்றிவிடுவாள். அது இலக்கணப்படி சரி, பொருள் வேறு.

ஆங்கிலத்திலும் பழைய ஜோடிகள் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன: ரைஸ்-ரேஸ், லை-லே, ஃபால்-ஃபெல். மரத்தை வெட்டிச் சாய்ப்பதற்கு ‘ஃபெல்’. இவற்றைத் தூட்னா-தோட்னா பக்கத்தில் எழுதிக் காட்டினால், ஆங்கிலேயர்களே தடுமாறும் லை-லே கூட ஹிந்திக்காரர்களுக்குப் பளிச்சென்று பிடிபடும்.

மூன்றாவது படியும் உண்டு. பன்னா உருவாவது, பனானா செய்வது, பன்வானா ஆள் வைத்துச் செய்விப்பது. பாய் மேலே எழுதிய ஷாஜஹான் வாக்கியத்தைத் திரும்பப் பாருங்கள், ‘பன்வாயா’. மன்னர் செங்கல் தூக்கவில்லை என்பதை ஹிந்தி வினையே சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் மன்னரே ‘பில்ட்’ செய்துவிடுகிறார், யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆனால் சின்ன விஷயத்தில் ஆங்கிலம் கறார். ‘மைனே பால் கட்வாயே’ என்று நினைத்துக்கொண்டு “ஐ கட் மை ஹேர்” என்றால், கண்ணாடி முன் நின்று தானே வெட்டிக்கொண்டதாக அர்த்தம். “காட் மை ஹேர் கட்” அல்லது “ஹேட் மை ஹேர் கட்” என்று வர வேண்டும். கட்-கட்-கட் என்று மூன்றும் ஒன்றாக இருப்பதால் கடைசியில் நிற்பது தேர்ட் ஃபார்ம் என்பதே தெரியாது. “காட் மை ஃபோன் ரிப்பேர்ட்”, “காட் த ஹவுஸ் பெயின்டட்” என்று ஆரம்பியுங்கள்.


ஆம்பூர்க்காரன் எழுதியது:

மேலே சொன்னதற்கு உருதுவில் முதஅத்தி-உல்-முதஅத்தி என்று பெயரே இருக்கிறது. கானா, கிலானா, கில்வானா: உண்பது, ஊட்டுவது, ஊட்டச் செய்வது. ஆங்கிலத்தில் இந்த மூன்றாம் படிக்கு மேக், கெட், ஹேவ் என்று மூன்று கதவுகள். மேக் என்றால் கட்டாயம், கெட் என்றால் சொல்லிச் சம்மதிக்க வைப்பது, ஹேவ் என்றால் அது அவர் வேலை, சொன்னால் செய்வார். மேக், ஹேவ் இரண்டுக்கும் பின்னால் ‘டு’ கிடையாது. கெட் மட்டும் ‘டு’ கேட்கும். “மேட் ஹிம் டு கோ” என்பது எங்கள் பள்ளியில் தலைமுறை தலைமுறையாக வரும் பிழை.

‘நே’ பற்றி ஒரு வார்த்தை. ‘மைனே ரோட்டி காயீ’ என்றால் வினை ரொட்டிக்கு ஏற்ப பெண்பாலாக மாறும். இதை ஆங்கில வகுப்பில் இழுக்காதீர்கள். ஆங்கிலத்தில் அதற்கு ஈடு எதுவும் இல்லை, அதனால் பெரிய பிழையும் வருவதில்லை. எங்கள் வீட்டில் பேசும் தக்னியில், அதாவது தென்னாட்டு உருதுவில், ‘நே’ இல்லாமலே ‘மைன் காயா’ என்போம். ஒருவருக்கும் சாப்பாடு இறங்காமல் போனதில்லை.


ராஷ்ட்ரபாஷா_ரிட்டன் எழுதியது:

எல்லாம் சரி பாய். இத்தனையையும் ஒரு வேலைக்காரப் பெண்மணிக்கு எப்போது சொல்லிமுடிப்பது? பாவம், அவர் நாளைக்கு இன்டர்வியூவில் நாலு வாக்கியம் பேச வேண்டும். எஸ் போட மறக்காமல் இருந்தாலே போதும் என்று இருப்பார். “மை ஃபாதர் வொர்க் இன் ஃபேக்டரி” என்று சொல்பவரிடம் ஊகம், சந்தேகம் என்று ஆரம்பித்தால் ஓடிவிடுவார்.


யமுனைக்கரை எழுதியது:

அந்த எஸ் விஷயத்தில் ஒன்று கவனித்திருக்கிறேன் சார். ‘பிதாஜீ ஜாத்தே ஹைன்’ என்று மரியாதைப் பன்மையில் நினைப்பதால் “மை ஃபாதர் கோ”, சில சமயம் “மை ஃபாதர் ஆர் கோயிங்” என்றுகூட வருகிறது. தம்பியைப் பற்றிப் பேசும்போது எஸ் சரியாக வருகிறது. அப்பாவைப் பற்றிப் பேசும்போது போய்விடுகிறது. மறதி என்று திட்டிக்கொண்டிருந்தால் காரணமே பிடிபட்டிருக்காது. “ஆங்கிலத்தில் மாமனாருக்கும் எஸ்தான், பிரதம மந்திரிக்கும் எஸ்தான்” என்று சொன்னபோது சிரித்தார்கள், அப்புறம் எஸ் வாயில் நிலைத்துவிட்டது.

ஆக, அட்டவணை மட்டும் போதும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.


ராஷ்ட்ரபாஷா_ரிட்டன் எழுதியது:

அட்டவணை முதல் மாதத்துக்கு. அதற்கு மேல் உங்கள் பாடு. இந்த இடத்திலிருந்து நான் நகர மாட்டேன்.


வினைத்தொகை எழுதியது:

ஷார்ஜா நண்பர் கேட்ட ‘கான்ட் ஹியர்’ விடுபட்டுவிட்டது. ஆங்கிலத்தில் செயல் வினை, நிலை வினை என்று ஒரு பிரிவு உண்டு. ஓடு, எழுது, சமை எல்லாம் செயல். தெரியும், பிடிக்கும், வேண்டும், நம்புகிறேன், கேட்கிறது எல்லாம் நிலை. நிலை வினைக்குப் பொதுவாக ‘இங்’ வராது. காதில் விழுவதும் கண்ணில் படுவதும் நாம் செய்வதில்லை, நடப்பது. இந்த நொடியில் விழுகிறதா என்று சொல்ல ஆங்கிலம் ‘கான்’ வைத்துக்கொண்டது. லிசன், லுக், வாட்ச் எல்லாம் நாமாகச் செய்வது, அதனால் ‘இங்’ தாராளம்.

இதை ஹிந்திக்காரருக்குச் சொல்ல எளிய வழி இருக்கிறது. அவர்கள் மொழியில் நிலை வினை பலவற்றில் ‘மைன்’ வராது, ‘முஜே’ வரும். முஜே மாலூம் ஹை, முஜே பசந்த் ஹை, முஜே சாஹியே, முஜே யாத் ஹை. நம் ‘எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும்’ போலவே. ‘முஜே’யில் ஆரம்பிக்கும் வாக்கியத்தை ஆங்கிலத்தில் ‘ஐ’ போட்டு மாற்றும்போது கை ‘இங்’ பக்கம் போகக் கூடாது. ‘சமஜ் ரஹா ஹூன்’ மாதிரி சில தப்பிப்போகும், அவற்றைத் தனியாகச் சொல்லிவிடலாம்.

ஹேவ் தனிக் கதை. ஹிந்தியில் அந்த வினையே இல்லை. பொருள் என்றால் ‘மேரே பாஸ் காடீ ஹை’, உறவு என்றால் ‘மேரே தோ பாயீ ஹைன்’, காய்ச்சல் என்றால் ‘முஜே புகார் ஹை’. மூன்றும் ஆங்கிலத்தில் “ஐ ஹேவ்”. ‘ஹேவிங்’ வருவது சாப்பிடுவது, குளிப்பது போன்ற இடங்களில்தான், அங்கே ஹேவ் செயலாகிவிடுகிறது.


ஷார்ஜா_சைட் எழுதியது:

இப்போது புரிகிறது, நன்றி. அந்த ‘அன்டில் ஹி டஸ் நாட் கம்’ பற்றி யாரும் சொல்லவில்லையே. எங்கள் சைட்டில் “அன்டில் சேஃப்டி ஆஃபீசர் டஸ் நாட் கம், டோன்ட் ஸ்டார்ட்” என்று போர்டே எழுதி வைத்திருந்தார்கள்.


ஆம்பூர்க்காரன் எழுதியது:

‘ஜப் தக் வோ நஹீன் ஆத்தா.’ அங்கே ‘நஹீன்’ கட்டாயம் வேண்டும், அவர்கள் மொழியின் முறை அது. வராத வரைக்கும் என்ற பொருள். தமிழில் ‘அவர் வரும்வரை’ என்கிறோம், அதனால் நம் பிள்ளைகளுக்கு இந்தப் பிழை அபூர்வம். தமிழாசிரியர்களுக்கு இது எங்கிருந்து முளைக்கிறது என்று புரியாமல் போவதும் அதனால்தான். அன்டிலுக்குள்ளேயே இல்லை என்பது அடங்கிவிட்டது, இன்னொரு நாட் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பத்து வாக்கியம் வாய்விட்டுச் சொல்ல வையுங்கள்.

‘அகர்’ வாக்கியங்களிலும் ஜாக்கிரதை. ‘அகர் பாரிஷ் ஹோகீ தோ’ என்பதில் ‘கீ’ இருப்பதால் “இஃப் இட் வில் ரெயின்” வரும். இஃப் பக்கம் வில் வராது. ‘அகர் மேரே பாஸ் பைஸே ஹோத்தே தோ மைன் கர் கரீத்தா’ (என்னிடம் பணம் இருந்தால் வீடு வாங்குவேன்) என்பதில் இரண்டு பக்கமும் ஒரே உருவம், அதனால் “இஃப் ஐ வுட் ஹேவ்” என்று இரண்டு பக்கமும் வுட் போடுவார்கள். இஃப் பக்கம் செகண்ட் ஃபார்ம், மறுபக்கம் மட்டும் வுட்.

தங்கை கேட்ட ‘டிட் யூ வென்ட்’டும் மிச்சம் இருக்கிறது. கேள்விக்கு முன்னால் ‘க்யா’ வைத்தால் ஹிந்தி வினை அசையாது: ‘தும் கயே’, ‘க்யா தும் கயே?’ அதே பழக்கத்தில் ‘யூ வென்ட்’டை அப்படியே வைத்து முன்னால் டிட் ஒட்டுகிறார்கள். டிட் ‘க்யா’ மாதிரி சும்மா வந்து நிற்பதில்லை, இறந்தகாலத்தையும் தானே சுமக்கிறது. பின்னால் ஃபர்ஸ்ட் ஃபார்ம் போதும். டஸ் வந்தால் எஸ் கழன்றுவிடுவதும் இதே கணக்கு.


யமுனைக்கரை எழுதியது:

கட்டாயத்தில் மட்டும் இவர்கள் என்னைவிடக் கெட்டி என்று தோன்றுகிறது. ‘ஜானா சாஹியே’ என்றால் ஷுட், ‘ஜானா ஹை’ என்றால் ஹேவ் டு, ‘ஜானா படா’ என்றால் ஹேட் டு. தமிழில் எல்லாவற்றுக்கும் ‘போக வேண்டும்’ என்று ஒன்றையே வைத்துக்கொண்டு நான்தான் விளக்கத் திணறுகிறேன். ஆனால் ‘மைன் சாஹ்தீ ஹூன் கி தும் ஆவோ’ மட்டும் “ஐ வான்ட் தட் யூ கம்” என்றே வருகிறது. “ஐ வான்ட் யூ டு கம்” வாயில் நிற்க மறுக்கிறது.

கடைசியாக ஒன்று. “இன் சைல்ட்ஹுட் ஐ வாஸ் கோயிங் டு மை நானீஸ் ஹவுஸ் எவ்ரி சம்மர்” என்கிறார்கள். ‘ஜாத்தீ தீ’ என்றுதான் ஹிந்தியில் நினைக்கிறார்கள், அதில் ‘ரஹீ’ இல்லை. பிறகு ஏன் ‘இங்’ வருகிறது?


ஆம்பூர்க்காரன் எழுதியது:

அட்டவணையில் ‘தா தா, தீ தீ’க்கு இடமே கொடுக்கவில்லை, அதுதான் காரணம். மாஸி இஸ்திம்ராரி என்ற ஒரே கூடையில் ‘ஜாத்தீ தீ’யும் ‘ஜா ரஹீ தீ’யும் கிடக்கின்றன. இரண்டையும் பாஸ்ட் கன்டினியுவஸ் என்று பழக்கிவிடுகிறார்கள். ‘ஜா ரஹீ தீ’க்கு மட்டும் “வாஸ் கோயிங்”, போய்க்கொண்டிருந்தபோது மழை வந்தது என்பது போல நடுவில் ஏதாவது நடந்தால். வழக்கமாகப் போனதற்கு “யூஸ்ட் டு கோ”. எவ்ரி சம்மர் என்று கூடவே வந்தால் வெறும் “வென்ட்”டும் சரி.

“ஐ யூஸ் டு கோ டெய்லி” என்று நிகழ்காலத்துக்கு இழுப்பார்கள், அங்கே வெறும் “ஐ கோ”. ‘முஜே ஆதத் ஹை’, அதாவது எனக்குப் பழக்கம் என்பதற்கு “ஐ ஆம் யூஸ்ட் டு”, அதன் பின்னால் வினை வந்தால் ‘இங்’ சேரும்: “ஐ ஆம் யூஸ்ட் டு கெட்டிங் அப் ஏர்லி”. இந்த இரண்டு யூஸ்ட் டுவையும் ஒரே நாளில் நடத்த வேண்டாம் தங்கச்சி, நடுவில் ஒரு வாரம் விடுங்கள்.